தைரியமா? பயமா? - நோய் வரும் முன்பே மார்பகங்களை அகற்றிய ஏஞ்சலினா ஜோலி... அன்று கிளம்பிய விவாதம் என்ன?

2013 மே 14. அமெரிக்காவின் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ஒரு கட்டுரை வெளியானது. தலைப்பு: 'என் மருத்துவத் தேர்வு'. எழுதியவர் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி. தன்னுடைய இரண்டு மார்பகங்களையும் அறுவை சிகிச்சை மூலம் அகற்றிக்கொண்டதாக அதில் அவர் அறிவித்திருந்தார். அப்போது அவருக்கு வயது 37.

ஜோலிக்குப் புற்றுநோய் எதுவும் இல்லை. உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த விஷயம் இதுதான். நோயே இல்லாத ஒரு பெண் எதற்காக மார்பகத்தை எடுக்கணும்? அதுவும் 'டூம்ப் ரெய்டர்' நாயகி, அழகுக்காகவே பத்திரிகைகள் கொண்டாடிய நடிகை?

பாராட்டு, கிண்டல், சந்தேகம், கோபம் என எல்லாமே வந்தன. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், இப்படி ஒரு முடிவை எந்தப் பெண் எடுத்தாலும் இந்தப் பேச்சு மறுபடி ஓடுகிறது. அன்று என்னதான் நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

ஜோலி என்ன செய்தார்?

ஜோலியின் அம்மா மார்ஷலின் பெர்ட்ராண்ட். கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் புற்றுநோயோடு போராடி, 2007-ல் 56 வயதில் இறந்தார். பேரக்குழந்தைகளில் மூத்தவர்களை மட்டும்தான் அவரால் தூக்கிக் கொஞ்ச முடிந்தது. மற்றவர்களுக்குப் பாட்டி யாரென்றே தெரியாது. "அம்மாவுக்கு வந்தது உனக்கும் வருமா?" என்று குழந்தைகள் கேட்டதாக ஜோலி எழுதியிருக்கிறார். ஆறு குழந்தைகளின் தாய்க்கு இந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மரபணுப் பரிசோதனையில் அவருக்கு 'பிஆர்சிஏ1' என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் வர 87 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய் வர 50 சதவீதம் வாய்ப்பு இருப்பதாக மருத்துவர்கள் கணித்தார்கள்.

சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. பிப்ரவரி 2-ம் தேதி முதல் கட்டம். மார்பகக் காம்பைக் காப்பாற்றுவதற்காக ரத்த ஓட்டத்தைத் திருப்பிவிடும் சிறிய சிகிச்சை அது. பிப்ரவரி 16-ல் பெரிய அறுவை சிகிச்சை. மார்பகத் திசு அகற்றப்பட்டு, தற்காலிக நிரப்பிகள் வைக்கப்பட்டன. ஏப்ரல் 27-ல் செயற்கை மார்பகங்கள் பொருத்தப்பட்டு எல்லாம் நிறைவடைந்தன. இந்த மூன்று மாதமும் அவர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். வெளியே ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியவில்லை. பாப்பராசி கேமராக்கள் இருபத்து நாலு மணி நேரமும் துரத்தும் ஒரு நட்சத்திரத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

சிகிச்சைக்குப் பிறகு, மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு 87-லிருந்து 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டதாக எழுதினார். பெண் என்ற உணர்வு தனக்குக் கொஞ்சமும் குறையவில்லை என்றும் சொல்லியிருந்தார்.

பிஆர்சிஏ... அப்படின்னா என்ன?

தறியில் நெய்யும்போது நூல் அறுந்தால் என்ன செய்வார்கள்? உடனே இழை பிணைப்பார்கள். கவனிக்காமல் விட்டால் துணியே கெட்டுப்போகும். நம் உடம்பின் செல்களுக்குள்ளும் டிஎன்ஏ இழைகள் அடிக்கடி அறுபடுகின்றன. அவற்றைச் சரியாகப் பிணைக்கிற வேலையில் பங்கெடுக்கும் புரதங்களை உண்டாக்குபவைதான் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள்.

இந்த மரபணு எல்லோருக்கும் இருக்கிறது, ஆண்கள் உட்பட. "அவருக்குப் புற்றுநோய் மரபணு இருக்கிறது" என்று செய்திகளில் எழுதுவது பாதி தவறு. மரபணு இருப்பது பிரச்சனையே இல்லை, அது பழுதாகி இருப்பதுதான் பிரச்சனை.

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதியாக வரும். ஒன்று அம்மாவிடமிருந்து, இன்னொன்று அப்பாவிடமிருந்து. ஒன்று பழுதாக இருந்தாலும் இன்னொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏதோ ஒரு செல்லில் அந்த இரண்டாவதும் கெட்டுப்போகும்போது, பிழைகளைத் திருத்த ஆள் இல்லாமல் போகிறது. அங்கிருந்து புற்றுநோய் தொடங்கலாம்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருந்தால், பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. அம்மா வழியில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பா வழியிலும் அதே அளவு வரும். அப்பாவின் அம்மா, அத்தை ஆகியோருக்கு இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும். டாக்டரிடம் குடும்ப வரலாறு சொல்லும்போது பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் பக்கம்தான்.

இதைக் கண்டுபிடித்த வரலாறும் சுவாரசியமானது. மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வரலாம் என்பதைப் பலர் நம்பாத காலத்தில், அமெரிக்க மரபியல் விஞ்ஞானி மேரி கிளேர் கிங் பல ஆண்டுகள் அதன் பின்னால் அலைந்தார். 17-வது குரோமோசோமில் அதற்கான இடம் இருக்கிறது என்று 1990-ல் காட்டினார். 1994-ல் பிஆர்சிஏ1 மரபணுவே தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிஆர்சிஏ2-வும் கிடைத்தது.

87 சதவீதம் எல்லாப் பெண்களுக்குமா?

இல்லவே இல்லை. குழப்பம் தொடங்கியதே இந்த எண்ணில்தான்.

அமெரிக்காவில் சராசரிப் பெண் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 13 சதவீதம். பிஆர்சிஏ1 மாற்றம் உள்ளவர்களுக்கு அது பல மடங்கு அதிகம். ஆனால் 87 என்பது ஜோலிக்கு அவருடைய மருத்துவர்கள் சொன்ன கணிப்பு. மரபணு மாற்றம் உள்ள கிட்டத்தட்ட 10 ஆயிரம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியான ஆய்வு, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 72 சதவீதம், பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு 69 சதவீதம் என்று சொன்னது. சினைப்பைப் புற்றுநோய்க்கு முறையே 44, 17 சதவீதம்.

இன்னொரு கணக்கும் முக்கியம். மார்பகப் புற்றுநோய் வரும் 100 பெண்களில், பரம்பரை மரபணு மாற்றத்தால் வருவது 5 முதல் 10 பேருக்குத்தான். மீதி 90 பேருக்கு மேல் ஜோலியின் கதை நேரடியாகப் பொருந்தாது. அவர்களில் பலருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இந்த நோய் இருந்திருக்காது.

ஒரு நட்சத்திரத்தின் கதை உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது, இந்தக் கணக்கு போய்ச் சேரவில்லை. 2,572 அமெரிக்கர்களிடம் நடத்தப்பட்ட கருத்துக்கணிப்பு ஒன்றில் 74 சதவீதம் பேர் ஜோலியின் கதை தெரியும் என்றார்கள். ஆனால், மரபணு மாற்றம் இல்லாத பெண்ணோடு ஒப்பிட்டு ஜோலியின் ஆபத்து எவ்வளவு என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தகவல் தெரிந்தவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. இதில் செய்தி ஊடகங்களுக்கும் பங்கு உண்டு. 'ஜோலி', 'மார்பகம்' என்ற இரண்டு சொற்களுமே தலைப்புக்குப் போதுமானதாக இருந்துவிட்டது.

பாராட்டும் கிண்டலும்

முதல் அலை பெரும்பாலும் பாராட்டுதான். அப்போது அவரது துணைவராக இருந்த பிராட் பிட், இதை வீரம் மிக்க முடிவு என்றார். 'டைம்' இதழ் அவரை அட்டையில் போட்டு 'ஏஞ்சலினா எஃபெக்ட்' என்று தலைப்பு வைத்தது. அந்தச் சொல் பிறகு மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளிலேயே இடம்பிடித்துவிட்டது. இதே மாற்றத்தைச் சுமந்துகொண்டு, வெளியில் சொல்லத் தயங்கிய பல பெண்கள் பேசத் தொடங்கினார்கள்.

அதே நாளில் ட்விட்டரில் வேறொரு கூட்டம் இருந்தது. அவருடைய மார்பகங்களுக்கு 'இரங்கல்' தெரிவித்து ஜோக் அடித்தவர்கள். ஒரு பெண்ணின் உயிர் பற்றிய செய்தியில்கூட அவள் உடம்பு தங்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் அவர்கள். இதற்கு மேல் அவர்களைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

கொஞ்சம் யோசிக்க வைத்தது பணம் பற்றிய விமர்சனம். பெவர்லி ஹில்ஸில் உயர்தர சிகிச்சை, மார்பகத்தை மறுபடி அழகாக அமைத்துத் தரும் நிபுணர்கள், ஓய்வு, உதவியாளர்கள்... இதெல்லாம் சாதாரணப் பெண்ணுக்குக் கிடைக்குமா? நியாயமான கேள்விதான். ஆனால் இதை முதலில் எழுப்பியதே ஜோலிதான். அமெரிக்காவில் அந்தப் பரிசோதனைக்கே 3,000 டாலருக்கு மேல் ஆகிறது, பல பெண்களுக்கு அதுவே தடை என்று கட்டுரையில் அவரே எழுதியிருந்தார்.

'இது தைரியம் இல்லை, பயம்'

அந்த ஆண்டின் கடுமையான எதிர்க்குரல் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பாடகி மெலிசா எத்தரிட்ஜ். 2004-ல் மார்பகப் புற்றுநோய் வந்து, வழுக்கைத் தலையோடு மேடையேறிப் பாடியவர். தனக்கும் அந்த மரபணு மாற்றம் உண்டு என்று சொன்னவர்.

ஜோலியின் முடிவைத் தைரியமானது என்று தான் சொல்ல மாட்டேன், புற்றுநோயை எதிர்கொள்ளும்போது எடுக்கக்கூடிய மிகவும் பயந்த முடிவு அதுதான் என்று ஒரு பேட்டியில் சொன்னார் எத்தரிட்ஜ். உணவு, மன அழுத்தம் இவையெல்லாம்தான் நோயைக் கொண்டுவருகின்றன, மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பது அவர் வாதம்.

இதில் எது சரி, எது தவறு? மாற்றம் உள்ள எல்லோருக்கும் வராது என்பது உண்மை. 72 சதவீதம் என்றால் 28 பேர் தப்பிக்கிறார்கள். ஆனால், சாப்பாட்டையும் மனதையும் சரி செய்தால் அந்த 28-ல் சேர்ந்துவிடலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்வதில் ஒரு கொடுமையும் மறைந்திருக்கிறது. நோய் வந்த பெண்ணிடம், "நீ ஒழுங்காக இருந்திருந்தால் வந்திருக்காது" என்று சொல்வதுபோல ஆகிவிடும்.

இன்னொரு பக்கம், எத்தரிட்ஜின் எரிச்சலிலும் ஒரு நியாயம் இருந்தது. அகற்றிக்கொள்பவர் தைரியசாலி என்று உலகமே கை தட்டினால், அகற்ற வேண்டாம் என்று முடிவெடுத்து ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாழும் பெண் யார்? கோழையா? இருவர் கையிலும் இருந்தது ஒரே மாதிரியான பரிசோதனை முடிவு. இருவரும் அவரவர் வாழ்க்கையை வைத்து முடிவெடுத்தார்கள். இந்தச் சர்ச்சை ஓடுவதற்குச் சில வாரங்கள் முன்பு, மே 26-ல், ஜோலியின் சித்தி டெபி மார்ட்டின் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வயது 61. அவருக்கும் இருந்தது அதே பிஆர்சிஏ1 மாற்றம்.

மரபணுவுக்குக் காப்புரிமையா? கிளம்பிய சதிக் கதை

3,000 டாலர் ஏன்? அந்தப் பரிசோதனையை அமெரிக்காவில் செய்ய 'மிரியட் ஜெனடிக்ஸ்' என்ற ஒரே நிறுவனத்துக்குத்தான் உரிமை இருந்தது. பிஆர்சிஏ மரபணுக்கள் மீதே அது காப்புரிமை வைத்திருந்தது. அதாவது, உங்கள் உடம்பில் இருக்கும் மரபணுவைப் படித்துப் பார்க்க ஒரு கம்பெனியிடம்தான் போக வேண்டும்!

இதை எதிர்த்த வழக்கு அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. ஜோலியின் கட்டுரை வந்ததும் மிரியட் பங்கு விலை ஏறியது. போதாதா? 'தீர்ப்பை மாற்ற கம்பெனி போட்ட நாடகம் இது' என்று இணையத்தில் கதை கட்டினார்கள். வழக்கின் வாதங்கள் ஏப்ரல் 15-ம் தேதியே முடிந்துவிட்டன என்பதையோ, கட்டுரையே விலையைக் குறை சொல்லியிருந்தது என்பதையோ இவர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஜூன் 13-ல் தீர்ப்பு வந்தது. இயற்கையாக உள்ள டிஎன்ஏ-வுக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆய்வகத்தில் உருவாக்கப்படும் டிஎன்ஏ-வுக்கு மட்டும் வழி விட்டார்கள். அன்றைக்கே வேறு ஆய்வகங்கள் குறைந்த விலைப் பரிசோதனையை அறிவித்தன. 2015-ல் எச்சில் மாதிரியை வைத்துச் செய்யும் பரிசோதனை 249 டாலருக்கு வந்துவிட்டது.

எல்லோரும் ஓடிப்போய் அகற்றிக்கொண்டார்களா?

அன்று பல மருத்துவர்கள் பயந்தது இதைத்தான். அவர்கள் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1987-ல் அமெரிக்க அதிபரின் மனைவி நான்சி ரீகனுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது, கட்டியை மட்டும் எடுக்கும் சிகிச்சைக்குப் பதிலாக மார்பகத்தையே அகற்றிக்கொண்டார். அதற்காக அவரும் விமர்சிக்கப்பட்டார். தொடர்ந்து வந்த மாதங்களில் மார்பகத்தைக் காப்பாற்றும் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்த பெண்களின் அளவு சுமார் 25 சதவீதம் குறைந்தது பின்னாளில் ஆய்வில் தெரியவந்தது. ஒரு பிரபலத்தின் முடிவு எத்தனையோ பேரின் ஆபரேஷன் தியேட்டர் வரை போகிறது.

ஜோலி விஷயத்தில் நடந்தது கலவையானது. பிரிட்டனில் 2013 ஜூன், ஜூலை மாதங்களில் மரபணு ஆலோசனை மையங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் 4,847 பேர். முந்தைய ஆண்டு அதே மாதங்களில் 1,981 பேர்தான். கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. வந்தவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே குடும்ப வரலாறு உள்ளவர்கள், வெறும் பீதியில் வந்தவர்கள் இல்லை என்று அங்கே ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். மான்செஸ்டர் கிளினிக்கில் முன்னெச்சரிக்கை அறுவை சிகிச்சைகளும் பிற்பாடு இரண்டு மடங்குக்கு மேல் கூடின.

அமெரிக்காவில் கதை வேறு. கட்டுரை வந்த 15 வேலை நாட்களில் பிஆர்சிஏ பரிசோதனைகள் 64 சதவீதம் கூடின. ஆனால் அடுத்த மாதங்களில் மார்பக அகற்றம் கூடவில்லை. பரிசோதனை செய்தவர்களில் 60 நாட்களுக்குள் அகற்றிக்கொண்டவர்களின் பங்கு 10-லிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. அப்படியென்றால், அவசரமாகப் பரிசோதனைக்கு ஓடியவர்களில் ஆபத்து குறைவான பெண்களே அதிகம் இருந்திருக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் டெஸ்ட் எடுத்து நிம்மதி அடைந்தார்கள். தேவை இருந்தவர்களைச் செய்தி எட்டியதா என்பது தனிக் கேள்வி.

அறுவை சிகிச்சையை விட்டால் வழியே இல்லையா?

இருக்கிறது. மாற்றம் உள்ள பெண்கள் 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30 முதல் மேமோகிராமும் சேர்த்து எடுத்துக்கொண்டு கண்காணிப்பில் இருக்கலாம். நோய் வருவதை இது தடுக்காது, வந்தால் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு ஆபத்தைக் குறைக்கும்.

அகற்றுவது ஆபத்தை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்கிறது. பூஜ்யம் ஆக்குவதில்லை, ஏனென்றால் மார்பகத் திசுவை ஒரு துளிகூட விடாமல் எடுப்பது சாத்தியமில்லை. விலையும் உண்டு. மார்புப் பகுதியில் உணர்வு பெரும்பாலும் போய்விடும். தாய்ப்பால் கொடுக்க முடியாது. செயற்கை மார்பகங்களைப் பிற்காலத்தில் மாற்ற வேண்டி வரலாம். திருமணம், குழந்தை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் 25 வயதுப் பெண்ணும், ஆறு குழந்தைகள் உள்ள 37 வயதுப் பெண்ணும் இதை ஒரே மாதிரி எடைபோட முடியாது.

சினைப்பை கதை இன்னும் சிக்கல். அதற்கு நம்பகமான ஸ்கேன் கண்காணிப்பு கிடையாது. பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவரும். அதனால்தான் பிஆர்சிஏ1 உள்ளவர்கள் குழந்தை பெற்று முடித்த பிறகு, 35-லிருந்து 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் அகற்றிக்கொள்ள மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2015 மார்ச் 24-ல் ஜோலி இரண்டாவது கட்டுரை எழுதினார். ரத்தப் பரிசோதனையில் சில அழற்சிக் குறியீடுகள் கூடியிருந்ததைத் தொடர்ந்து, 39 வயதில் அதையும் செய்துகொண்டார். உடனடியாக மாதவிடாய் நின்றுபோனது. இந்த முறை ஜோக் அடித்தவர்கள் குறைவு. மரபணு மாற்றம் இருக்கிறது என்பதால் மட்டுமே எல்லோரும் அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டும் என்பதில்லை என்று அந்தக் கட்டுரையில் அவரே எழுதியிருந்தார்.

யார் பரிசோதனை செய்துகொள்ளலாம்?

இந்த மாற்றம் அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியது இல்லை. தென்னிந்தியக் குடும்பங்களிலும் பிஆர்சிஏ மாற்றங்கள் இருப்பதை சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நெருங்கிய ரத்த உறவில் 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், மரபணு ஆலோசகரிடமோ புற்றுநோய் மருத்துவரிடமோ பேசுவது நல்லது. பரிசோதனைக்கு முன்பே பேசணும், ரிசல்ட் கையில் வந்த பிறகு இல்லை.

முடிந்தால், குடும்பத்தில் ஏற்கெனவே நோய் வந்தவருக்குத்தான் முதலில் பரிசோதனை செய்வார்கள். அவரிடம் எந்த மாற்றம் என்று தெரிந்துவிட்டால், தங்கை, மகள், மகன் என மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும். அந்த மாற்றம் இல்லை என்று ரிசல்ட் வந்தால், அவருடைய ஆபத்து பொதுவாக மற்றப் பெண்களுக்கு உள்ள அளவுதான்.